முகத்தை அழகாக்குவது லென்சா, தூரமா?

காமிரா வாங்கிய ஒருவர் சில மாதங்கள் கழித்துக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆட்களை எடுக்க எந்த லென்சு வாங்கலாம்?" கடைக்காரர்களும் நண்பர்களும் விளம்பரங்களும் இதற்குத் தரும் விடைகள் மூன்று கூற்றுகளில் அடங்கிவிடும். முதலாவது, முகப்படத்துக்கு 85 மி.மீ. லென்சுதான் ஏற்றது என்பது. இரண்டாவது, லென்சின் துவாரம் பெரிதாகப் பெரிதாகப் படம் சிறக்கும் என்பது. மூன்றாவது, 50 மி.மீ. எஃப்/1.8 என்னும் மலிவு லென்சு கைபழகுவதற்கு மட்டுமே ஆகும், தொழிலுக்கு ஆகாது என்பது.

இக்கூற்றுகளை நம்பிக் கடன்பட்டு லென்சு வாங்குவோர் உண்டு. லென்சு வாங்க வசதியில்லையே என்று முகப்படக் கலையையே கைவிடுவோரும் உண்டு. ஆகவே மூன்றையும் பள்ளியில் நீங்கள் படித்த ஒளியியலைக் கொண்டே மதிப்பிட்டுப் பார்ப்போம்.

முகப்பட லென்சு பிறந்த கதை

1839-இல் டாகேர் தம் ஒளிப்பட முறையை உலகுக்கு அறிவித்தார். அவருடைய காமிராவில் இருந்த லென்சின் துவாரம் ஏறத்தாழ எஃப்/15 அளவே. அசையாத கட்டடத்தைப் படம் பிடிக்க அது போதும். மனிதர் பல நிமிடங்கள் அசையாமல் வீற்றிருப்பது எப்படி? வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால், 1840-இல் ஏறத்தாழ எஃப்/3.6 துவாரமுள்ள ஒரு லென்சைக் கணக்கிட்டு வடிவமைத்தார். ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. பிம்பத்தில் விழும் ஒளி, எஃப் எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது உங்களுக்குத் தெரியும். 15-ஐ 3.6-ஆல் வகுத்து வர்க்கம் காணுங்கள். சுமார் 17 மடங்கு ஒளி கிடைத்தது! மனித முகம் ஒளிப்படத்துக்குள் எளிதாக வந்தது அதன் பிறகே.

அந்த லென்சிலும் ஒரு குறை இருந்தது. அதன் பிம்பத் தளம் வளைந்தது; நடுவில் தெளிவும் ஓரங்களில் மங்கலும் இருக்கும். ஆனால் முகம் இருப்பது நடுவில்தானே! ஓரத்து மங்கல் யாருக்கும் தொல்லை தரவில்லை. ஒரு லென்சை மதிப்பிடும் முறையையும் இதிலிருந்தே நாம் பெறலாம். குறையே இல்லாத லென்சு கிடையாது. நம் வேலைக்கு எந்தக் குறை இடையூறாகும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்பதே சரியான கேள்வி.

முதற் கூற்று: 85 மி.மீ. வேண்டும்

மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 செ.மீ. என்று கொள்வோம். லென்சு மூக்கிலிருந்து 50 செ.மீ. தொலைவில் இருந்தால் காது 62 செ.மீ. தொலைவில் இருக்கும். பிம்பத்தின் அளவு தொலைவுக்கு எதிர்விகிதம். ஆகவே காதோடு ஒப்பிட மூக்கு 24 விழுக்காடு மிகையாகப் பெருத்துத் தெரியும். அதே முகத்தை 1.5 மீட்டரிலிருந்து எடுத்தால் இம்மிகை 8 விழுக்காடாகவும், 3 மீட்டரிலிருந்து எடுத்தால் 4 விழுக்காடாகவும் குறைந்துவிடும்.

இக்கணக்கில் குவிய நீளம் எங்காவது வந்ததா? வரவில்லை. முகத்தின் சாயலைத் தீர்மானிப்பது தூரம் ஒன்றே. ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். காமிராவோடு வரும் 18-55 மி.மீ. சூம் லென்சை எடுத்துக்கொண்டு, நண்பரிடமிருந்து 1.5 மீட்டரில் நில்லுங்கள். நின்ற இடம் மாறாமல் 18 மி.மீ.யில் ஒரு படமும் 55 மி.மீ.யில் ஒரு படமும் எடுங்கள். முதற் படத்தில் முகம் உள்ள பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, இரண்டாவதன் அருகில் வையுங்கள். நுணுக்கம் குறைந்திருக்கலாம், மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

இது ஏட்டுக் கணக்கோடு நிற்பதன்று. கைப்பேசியைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துத் தம்மைத் தாமே எடுத்துக்கொள்வோர், தம் மூக்கு பெரிது என்று மனம் வருந்துகிறார்கள். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு கணித மாதிரியின்படி, 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுத்ததைவிடச் சுமார் 30 விழுக்காடு மிகுதியாகத் தோன்றும். மூக்கை மாற்ற அறுவை மருத்துவரை நாடுவோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. தூரம் செய்த பிழைக்கு முகம் பழி சுமக்கிறது!

அப்படியானால் 85 மி.மீ. எங்கிருந்து வந்தது? 36 × 24 மி.மீ. அளவுள்ள முழுச் சென்சாரில், தலையும் தோளும் அடங்க 60 செ.மீ. உயரத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர, 85 மி.மீ. லென்சுடன் நீங்கள் சுமார் 1.5 மீட்டர் தள்ளி நின்றாக வேண்டும். அதாவது, அந்த லென்சு உங்களை நல்ல தூரத்துக்குத் தள்ளி நிறுத்துகிறது. அதன் பெருமை அவ்வளவே. மாணவர்கள் பெரும்பாலும் வாங்கும் காமிராக்களில் சென்சார் ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. தான். இதில் அதே சட்டத்துக்கு 50 மி.மீ. லென்சு உங்களை 1.3 மீட்டரிலும், சூம் லென்சின் 55 மி.மீ. முனை 1.45 மீட்டரிலும் நிறுத்தும். 1.5 மீட்டருக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண் அறியாது.

சிறு சென்சார் காமிராவுக்கு 85 மி.மீ. வாங்கினால் வேறொரு தொல்லையும் வரும். ஆளை முழு உருவமாக எடுக்க, 2 மீட்டர் உயரம் சட்டத்தில் அடங்க வேண்டும். அதற்குச் சுமார் 7.3 மீட்டர் பின்வாங்க வேண்டும். எந்த வீட்டுக் கூடத்தில் அவ்வளவு இடம் இருக்கிறது? 50 மி.மீ.க்கு 4.3 மீட்டர் போதும்.

இரண்டாம் கூற்று: துவாரம் பெரிதாக வேண்டும்

பெரிய துவாரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒளியை மிகுதியாக உள்ளே விடுகிறது. பின்னணியை மங்கச் செய்கிறது. விளம்பரங்கள் இரண்டாவதையே பெரிதும் பேசுகின்றன.

மங்கலின் அளவைக் காண ஓர் எளிய வழி உண்டு. வெகு தொலைவில் உள்ள ஒரு விளக்கு, படத்தில் ஒளிவட்டமாகப் பரவும் அல்லவா? முகத்தின் அளவுகோலில் அவ்வட்டத்தின் விட்டம், லென்சுத் துவாரத்தின் விட்டத்துக்குச் சமம். 50 மி.மீ. எஃப்/1.8 லென்சில் அது 50-ஐ 1.8-ஆல் வகுக்க வரும் 2.8 செ.மீ. 85 மி.மீ. எஃப்/1.4 லென்சில் 6 செ.மீ. சூம் லென்சில், 55 மி.மீ. எஃப்/5.6 அளவில் 1 செ.மீ. தான். விலை உயர்ந்த லென்சுக்கே வெற்றி என்று தோன்றும்.

ஆனால் பின்னணி எப்போதும் வெகு தொலைவில் இருப்பதில்லை. அருகிலுள்ள பின்னணிக்கு, இந்த விட்டத்தை ஒரு பின்னத்தால் பெருக்க வேண்டும்: ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியை, காமிராவுக்கும் பின்னணிக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் வரும் பின்னம் அது. எஃப்/1.4 லென்சு வைத்திருப்பவர், ஆளைச் சுவருக்கு 30 செ.மீ. முன்னால் நிறுத்தி 1.5 மீட்டரிலிருந்து எடுக்கிறார் என்போம். மங்கல் வட்டம் 1 செ.மீ. தான் வரும். மலிவு லென்சு வைத்திருக்கும் நீங்கள் ஆளைச் சுவரிலிருந்து 4 மீட்டர் முன்னே அழைத்து வந்து 1.3 மீட்டரிலிருந்து எடுத்தால் 2.1 செ.மீ. வரும். பணம் தராத மங்கலை நான்கு எட்டு நடை தந்துவிடுகிறது.

அடுத்து, மிகப் பெரிய துவாரத்தின் விலையைக் கவனியுங்கள். 85 மி.மீ. லென்சை முழுச் சென்சாரில் எஃப்/1.4 அளவில் திறந்து, மேற்சொன்ன தலை-தோள் படம் எடுத்தால் தெளிவு ஆழம் சுமார் 2.5 செ.மீ. தான். முகம் சற்றே திரும்பினால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் விழும். அதனாலேயே அந்த லென்சை வாங்கியோரில் பலர் எஃப்/2.8-க்கு மூடி எடுக்கின்றனர். மூடி எடுப்பதற்காகத் திறந்த லென்சுக்குப் பல மடங்கு விலை தருவது சிக்கனம் ஆகாது. சிறு சென்சாரில் 50 மி.மீ. லென்சு எஃப்/1.8-இல் 5 செ.மீ.யும், எஃப்/2.8-இல் 7.5 செ.மீ.யும் ஆழம் தரும். கண்களிரண்டும் தெளிந்து காது மெல்லக் கரைய இது போதுமானது.

பெரிய துவாரத்தின் உண்மையான பயன் ஒளியே. எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை விடுகிறது. மாலை நேரம், சன்னலோரத்தில் பாட்டி அமர்ந்திருக்கிறார். சூம் லென்சுக்கு 1/15 நொடி தேவைப்படுகிறது. சிரித்தால் படம் கலங்கும். எஃப்/1.8 லென்சுக்கு 1/125 நொடி போதும். சிரிப்பு சிரிப்பாகவே பதிவாகும். பெட்ஸ்வால் தீர்க்க முயன்றதும் இந்தச் சிக்கலைத்தான்.

மூன்றாம் கூற்று: மலிவு லென்சு தொழிலுக்கு ஆகாது

50 மி.மீ. எஃப்/1.8 ஏன் மலிவாக இருக்கிறது? மட்டமான கண்ணாடி என்பதால் அன்று. சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய பால் ருடால்ஃப் 1896-இல் அமைத்த 'பிளானார்' லென்சின் வழிவந்த வடிவம் இது. நூறாண்டுக்கும் மேலாகத் திருத்தப்பட்டு வந்துள்ளது. கண்ணாடி வகைக் காமிராக்களில் லென்சுக்கும் சென்சாருக்கும் இடையே 44 முதல் 47 மி.மீ. வரை இடைவெளி தேவை. குவிய நீளம் இதைவிடக் குறைந்தால் சுற்றி வளைத்த அமைப்பு வேண்டும், 50 மி.மீ.க்கு அது வேண்டியதில்லை. கேனன் 2015-இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப்/1.8 லென்சில் உள்ளவை ஆறு கண்ணாடிகளே. எடை சுமார் 160 கிராம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. துவாரம் முழுதும் திறந்திருக்கையில் நிறமாறுபாடு சற்று வெளிறும். ஒளிமிக்க விளிம்புகளில் ஊதாக் கசிவு தெரியலாம். எஃப்/2.8-க்கு மூடினால் பெரும்பகுதி மறையும். 1990-இல் வந்த கேனனின் முந்தைய வடிவத்தில் துவாரத் தகடுகள் ஐந்தே ஆனதால், சற்று மூடியதும் பின்னணி விளக்குகள் ஐங்கோணமாகும்; 2015 வடிவத்தில் ஏழு தகடுகள் உண்டு. முழுச் சென்சார் காமிராவில் தலை-தோள் படம் எடுக்க இந்த லென்சு உங்களை 90 செ.மீ. வரை இழுத்துவிடும். அங்கே மூக்கின் மிகை 13 விழுக்காட்டைத் தாண்டும். இதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முழுச் சென்சார் உடையவர்களுக்கு 85 மி.மீ. எஃப்/1.8 வகையே ஏற்றது. மூன்றாம் கூற்றில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

தெளிவு குறைந்தால் தொழில் கெடும் என்று அஞ்சுவோர் ஜூலியா மார்கரெட் கேமரனை நினைக்க வேண்டும். 48-ஆம் வயதில் முதல் காமிராவைப் பெற்ற இவரின் படங்கள் குவியம் தவறியவை என்று அக்கால ஒளிப்பட இதழ்கள் இடித்துரைத்தன. 1867-இல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை இவர் எடுத்த படத்தை இன்று அருங்காட்சியகங்கள் போற்றுகின்றன. இறுதி ஆண்டுகளை இலங்கையில் கழித்து 1879-இல் அங்கேயே மறைந்தார்; அங்குள்ள எளிய மக்களையும் படம் எடுத்தார். மயிர்க்கால் தெளிவைவிட ஒளி விழும் பக்கமும் முகத்தின் நிலையுமே அப்படங்களைத் தாங்கி நிற்கின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பயன்படுத்திய லென்சு வாங்கினால் இன்னும் மலிவு. ஆனால் நிக்கானின் பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்சில் மோட்டார் கிடையாது. டி3100, டி5100, டி3500 போன்ற காமிராக்களில் அது தானே குவியாது. 2011-இல் வந்த 'ஜி' வகை குவியும். இரண்டாவதாக, லென்சின் ஒரு முனையில் கைவிளக்கை அடித்து மறுமுனை வழியே நோக்குங்கள். சிலந்தி நூல் போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக் காற்றுள்ள கடலோர ஊர்களில் இது மிகுதி. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்காதீர்கள்.

ஆக, நம் தீர்ப்பு இது. சிறு சென்சார் காமிரா உள்ளவர், பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பவரானால் இருக்கும் சூம் லென்சின் 55 மி.மீ. முனையே போதும், ஒன்றும் வாங்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் மாலையிலும் எடுப்பவருக்கு 50 மி.மீ. எஃப்/1.8 தக்க துணை. தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படும். எஃப்/1.4-க்குத் தரும் அதிகப் பணம், எஃப்/1.8-ஐவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலான ஒளியையே வாங்கித் தரும்.

கடைக்குப் போகும் முன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். உங்கள் கூடத்தின் நீளத்தையும், நீங்கள் வழக்கமாக ஆளிடமிருந்து நிற்கும் தூரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்களோடு கடைக்குச் சென்றால், எந்த விளம்பரமும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.