வெண்பாவின் சமையற்கட்டில்: ஊடாடும் கதையும் பெண்ணின் கையும்

"இத ஏன் மேடம் கேம்னு சொல்றாங்க? காலையில இதையேதான் செஞ்சு வச்சிட்டு பஸ் ஏறி வந்தேன்."

முதுகலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள். திரையில் ஒரு பெண் இட்லித் தட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் என் வகுப்பில் அதிகம். விடிவதற்கு முன் எழுந்து, வீட்டுக்குச் சோறாக்கி, தம்பிக்கு டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, முதல் பேருந்தைப் பிடிப்பவர்கள். அவர்களுக்கு 'வெண்பா' என்ற வீடியோ கேமைக் காட்டினேன். தமிழ் இலக்கிய வகுப்பில் கேமுக்கு என்ன வேலை என்று சக பேராசிரியர் ஒருவர் கேட்டார். கதை எங்கே நடந்தாலும் அது எங்கள் துறையின் வேலைதான் என்று சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் புரொஜெக்டரில் இணைத்தேன்.

கனடாவின் டொரண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது இது. பெருநிறுவனப் படைப்பு அல்ல. சிறுவயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அபி என்ற தமிழ் இளைஞர் இதன் வடிவமைப்பாளர். 2023 ஜூலையில் வெளியானது. அடுத்த ஆண்டே அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் பெரும் பரிசையும் பெற்றது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் கதை. ஓவியம், எழுத்து, இசை, கை அசைவு நான்கும் சேர்ந்து கதை சொல்கின்றன. சமையல் தொடங்கினால் வானொலி பாடுகிறது. அந்தந்தக் காலத்துத் தமிழ்த் திரையிசையின் சாயலில் புதிதாக மெட்டமைத்த பாடல்கள்.

கதை 1988இல் தொடங்குகிறது. வெண்பாவும் அவள் கணவன் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போனவர்கள். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காத தவிப்பு. ஊருக்குத் திரும்பிவிடலாமா என்ற பேச்சு. அந்த நேரத்தில் அவள் கருவுற்றிருப்பது தெரிகிறது. தங்கிவிடுகிறார்கள். மகன் கவின் பிறந்து, வளர்ந்து, கெவின் ஆகிறான். அம்மாவின் சாப்பாட்டைப் பள்ளிக்கு எடுத்துப்போகக் கூசுகிறான்.

வெண்பாவிடம் இருப்பது அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன, எழுத்துகள் அழிந்திருக்கின்றன. அழிந்த இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது? ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே அடுத்த தட்டின் குழி வரக்கூடாது. இட்லி உப்ப இடம் வேண்டும், ஆவி போக வழி வேண்டும். தவறாக அடுக்கினால் வேகாது, மறுபடி அடுக்கலாம். வகுப்பிலிருந்த ஆண் பிள்ளைகள் மூன்று முறை தவறினார்கள். பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். என் கல்லூரி அனுபவத்தில், சமையல் அறிவு ஓர் அறிவாக மதிக்கப்பட்ட முதல் வகுப்பு அதுதான். பொறியியல் புதிருக்குச் சமமாக ஒரு புதிரை இட்லிப் பானைக்குள் வைத்ததற்காகவே இந்தப் படைப்பை நான் மதிக்கிறேன். பெண்களின் கைப்பக்குவம் இயல்பாக வருவதாகவும், அதற்கு மூளை தேவையில்லை என்றும் சொல்லி வந்த பொய்யை அது உடைக்கிறது.

இன்னொரு மாணவி சொன்னது எனக்குத் தோன்றியிராதது. "இதுல தப்பாப் போனா யாரும் திட்டல மேடம். மாவு வீணாப் போச்சுன்னு கணக்குப் பார்க்கல." ஆம். வெண்பாவின் சமையற்கட்டில் தோல்விக்குத் தண்டனை இல்லை. உப்புக் கூடியதற்குத் தட்டு பறக்காத வீடு எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? அவள் சொன்ன பிறகு அந்த மன்னிக்கும் அடுப்பு எனக்குக் கனவு போலத் தெரிந்தது. அந்தக் கனவு இனிமையாக இருப்பதால்தான் அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் படித்தவளுக்கு இவை உறுத்தாமல் இருக்காது. கணவன் பாவலன், அதாவது பா இயற்றுபவன். மனைவி வெண்பா, அவன் இயற்றக்கூடிய பா. வெண்பா யாப்புகளிலேயே கட்டுப்பாடு மிகுந்தது. ஈற்றடி முச்சீர், ஏனையடி நாற்சீர், வேற்றுத்தளை விரவக்கூடாது, முடிவு நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் ஒன்றில்தான் அமைய வேண்டும். தளை தட்டினால் வெண்பா அல்ல. அன்போடு சூட்டிய பெயர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இயற்றுபவன் அவன், இயற்றப்படுபவள் அவள் என்ற பழைய ஏற்பாடு அந்த அன்புக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கதை முழுவதும் அவள் தளை தட்டுவதே இல்லை.

கேட்பவர் கதைக்குள் நுழைவதைத் தொழில்நுட்பத்தின் புதுமை என்று சொல்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் அது திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ஆண்டுதோறும் நடப்பது. 'மகாபாரத அக்னி வசந்த விழா' என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, மண்ணில் படுத்த துரியோதனன் உருவம், கடைசியில் தீமிதி. ஊரே கதைக்குள் நடமாடும். அர்ச்சுனன் தபசு அன்று, வேடம் கட்டியவர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். குழந்தை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மரத்தடியில் மடியேந்தி இருப்பார்கள். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சையும் பழமும் மடியில் விழுந்தால் பிள்ளை வரும் என்பது நம்பிக்கை. என் சித்தி மூன்று ஆண்டுகள் அந்த மரத்தடியில் இருந்தாள். சிறுமியாக நான் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆண்கள் கதைக்குள் அர்ச்சுனனாகவும் வீமனாகவும் திரௌபதியாகவும்கூட நுழைந்தார்கள். என் சித்திக்குத் திறந்திருந்த வாசல் தாய்மை ஒன்றுதான்.

அந்த வாசலை மாற்ற முடியாது என்றில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே பெருங்கட்டூர் இராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துப் பயின்றார்கள், கட்டை கட்டி ஆடினார்கள். மரத்தடியில் மடியேந்துவது மட்டுமே பங்கேற்பு என்றிருந்த நிலத்தில், பாத்திரத்தையே கையில் எடுத்தார்கள். எந்தப் பங்கேற்புக் கலையையும் பார்க்கும்போது நான் கேட்கும் கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. பெண்ணுக்கு எந்த வாசல் திறந்திருக்கிறது? அவள் கையில் எந்த வேலை தரப்படுகிறது?

'வெண்பா'வில் விளையாடுபவரின் கைக்கு வருபவை கரண்டியும் பானையும், உரையாடலில் சில தேர்வுகளும். சமையற்கட்டுக்கு வெளியே அவளுக்கு ஒரு வாழ்க்கை இருப்பது பேச்சில் வருகிறது. வேலை தேடும் அவமானமும் தனிமையும் வருகின்றன. அவற்றை நான் கேட்கிறேன், செய்வதில்லை. ஊடாடும் கதையில் செய்வதற்கும் கேட்பதற்கும் உள்ள தூரம் பெரியது. கை செய்ததை உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும், காதால் கேட்டது கடந்துபோகும். விளையாடி முடித்த என் மாணவிகளிடம் வெண்பா யார் என்று கேட்டேன். "நல்லாச் சமைக்கிற அம்மா" என்றார்கள். அது அவர்கள் கவனக்குறைவு அல்ல. அந்த வடிவம் அவர்கள் கையில் கொடுத்தது அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க 'ஃபுளோரன்ஸ்' இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கென் வோங்கின் சிறு குழு 2018இல் கைப்பேசிக்காக உருவாக்கியது. அலுவலகக் கணக்கில் உழலும் 25 வயதுப் பெண் ஒருத்தி, கிரிஷ் என்ற இசைக்கலைஞனைக் காதலித்து, பிரிந்து, ஓவியராகிறாள். அதில் பல் துலக்குவதும், எண்களைச் சரிபார்ப்பதும், சேர்ந்து வாழ வந்தவன் சாமானுக்கு அலமாரியில் இடம் ஒதுக்குவதும், அவன் போகும்போது அதையெல்லாம் பெட்டியில் கட்டுவதும் நம் விரலால் நடக்கின்றன. முடிவில் வண்ணம் தீட்டுவதும் நம் விரல்தான். அவளுடைய கலையை அவள் காதலைப் போலவே நாம் தொட முடிகிறது.

வெண்பாவின் கதை தொடங்கும் அதே 1988இல்தான் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு வெளிவந்தது. சமையலறையைப் பெண்ணின் பலம் என்று நம்பவைக்கும் ஏற்பாட்டைத் தலைப்புக் கதை பிரித்துக் காட்டியது. அதெல்லாம் இல்லாமல் நீ யார் என்று ஒரு முதிய பெண்ணைக் கேட்டது. 35 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த கேம் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கிறது. வெண்பா ஒரு நாள் முழுக்க மகனுக்காகச் சமைக்கிறாள். அவன் வருவதில்லை. நாமும் சேர்ந்து சமைத்திருப்பதால் அந்த வெறுமை நம்மைத் தாக்குகிறது. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தக் காட்சி எழுப்பும் கேள்வி, மகன் ஏன் வரவில்லை என்பது. அவளுக்கு அந்த நாளில் வேறென்ன இருந்திருக்கலாம் என்று அது கேட்பதில்லை.

அதற்குப் பிறகு கை மாறுகிறது. நாம் கவின் ஆகிறோம். அம்மா ஊர் திரும்பிவிட்டாள். அப்பா இல்லை. அவன் குறிப்பேட்டைத் திறக்கிறான். தமிழ் எழுத்து அவனுக்குத் தடுமாறுகிறது. இந்த இடத்தில் படைப்பாளர் அரிய காரியம் ஒன்றைச் செய்திருக்கிறார். பாட்டியிடமிருந்து அம்மாவுக்கு வந்த குறிப்பேடு மகனுக்குப் போகிறது. "பையன் கத்துக்கறான் மேடம், எங்க வீட்டுல தண்ணி கூட எடுத்துக் குடிக்க மாட்டான்" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் அம்மாவின் கதை மகனின் குற்றவுணர்வாகக் கனிந்து முடிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இது ஒரு மகன் கேட்கும் மன்னிப்பு. நேர்மையான மன்னிப்பு. அம்மா தன் கதையைச் சொன்னால் அது வேறு கதையாக இருக்கும்.

குறிப்பேடு என்ற கருதுகோளிலும் எனக்கொரு தயக்கம் உண்டு. எழுதி வைத்த அம்மா, எழுதத் தெரிந்த அம்மா. என் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நாங்கள் இட்லியைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பார்த்தவர்கள், மற்ற நாளில் கூழும் களியும்தான். அம்மா எழுதியது ஒன்றே ஒன்று. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றினாள். யார் வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு என்பதைச் சமையற்கட்டுச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைத்திருந்தாள். எந்தக் கோடு யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலையில் பெயர் எழுத 35 முதல் 70 வயது, கால் வேலிக்கு மேல் நிலம் என்று ஆண்கள் ஆண்களுக்கு வகுத்த விதிகள் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கின்றன. அம்மாவின் கணக்கு அடுத்த பொங்கல் சுண்ணாம்பு வரை நின்றது. அழிந்த எழுத்தை யோசித்து நிரப்பும் விளையாட்டை வெண்பாவுக்காக ஆடியபோது, எனக்கு நிரப்பக் கிடைக்காத சுவர் அதுதான்.

ஆகவே இந்தப் படைப்பை மாணவிகளுக்குத் தொடர்ந்து காட்டப் போகிறேன். காட்டிவிட்டு, வாய்பிளந்து பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது என்றும் சொல்லப் போகிறேன். இத்தகைய கதைகளைச் செய்யப் பெரிய கணினி வேண்டியதில்லை. 2009இல் வந்த ட்வைன் என்ற கருவி இலவசம். நிரல் தெரியாதவர்களும் கிளைக்கதை எழுதலாம், தமிழ் எழுத்திலேயே எழுதலாம். சென்ற பருவத்தில் ஒப்படைப்பாக அதைக் கொடுத்தேன்.

கேமென்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்ட மாணவி, முதல் பேருந்தைப் பிடிப்பது பற்றி எழுதினாள். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தேர்வுகள். 'அடுப்பு பற்ற வை', 'படி'. 'படி'யைத் தொட்டால், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வந்து, மறுபடி அடுப்பிடமே கொண்டுபோய் விடுகிறது. எட்டு முறை தொட்டுப் பார்த்தேன். ஒன்பதாவது முறை ஒரு பக்கம் திறந்தது. அதில் பேருந்து போய்விட்டிருந்தது. அவள் நிறுத்தத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்கிறாள். அடுத்த பேருந்துக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது.