வண்டி ரிப்பேரா மேடம்?

சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இவள் லேசில் விடமாட்டாள் என்பது எங்கள் அப்பார்ட்மெண்டில் வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்துபோயிற்று. லிஃப்டில் என்னுடன் மாட்டிக்கொள்கிறவர்கள், டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் மூன்றாவது மாடியில் இறங்குகிறார்கள். நாற்பத்தேழு வயதில் இப்படி ஒரு கிறுக்கு பிடிக்குமா? எனக்குப் பிடித்திருக்கிறது. திருவான்மியூரிலிருந்து பாரிமுனைக்கு ஒரு நடைக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். அதை மிதித்துத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். போகும்போது பாட்டு வேறு முணுமுணுக்கிறேன், திங்கட்கிழமைகூட.

சைக்கிள் ஒன்றும் புதுசில்லை. சென்னையில் எந்த அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்குக்குப் போனாலும் தூண் ஓரமாக நாலைந்து கியர் சைக்கிள்கள் தூசி மூடிக் கிடக்கும். பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் கைகழுவிவிட்டுப் போனவை. அதில் ஒன்று என் மகனுடையது. தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் இரண்டு டியூபையும் மாற்றினார், பின் வீலுக்குக் கோட்டம் எடுத்தார், செயினைக் கழற்றி டீசலில் ஊறப்போட்டார். மட்கார்டும் கேரியரும் மாட்டச் சொன்னபோதுதான் என்னை நிமிர்ந்து பார்த்து, "தம்பிக்கு இல்லையா, உங்களுக்கா?" என்றார். எனக்குத்தான் என்றதும் சீட்டைத் தூக்க ஆரம்பித்தார்.

அந்தச் சீட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதற்காகவே அந்த அண்ணனுக்குக் கோயில் கட்டலாம். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டு காலும் தரையில் படுகிற மாதிரி சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறோம். பயம்தான் காரணம். அப்படி ஓட்டினால் முழங்கால் மடங்கி மடங்கியே வேலை செய்து பத்து நாளில் வலி பிடித்துக்கொள்ளும். பிறகு 'இந்த வயசுக்கு இதெல்லாம் ஆகாது' என்று சைக்கிளைத் திரும்பவும் தூண் ஓரமாக நிறுத்திவிடுவோம். பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் முழுசாக நீள வேண்டும், அதுதான் சீட்டுக்குச் சரியான உயரம் என்றார் அண்ணன். பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முழங்காலில் ஒரு சின்ன மடிப்பு மட்டும் மிச்சமிருக்கும். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றுகொள்ள வேண்டியதுதான். இரண்டு நாளில் பழகிவிட்டது. மாடிப்படி ஏறினால் முனகுகிற என் முழங்கால், சைக்கிளில் வாயே திறப்பதில்லை.

அலுவலகத்தில் முதல் கேள்வி, "என்ன மேடம், வண்டி ரிப்பேரா?" இல்லை என்றேன். மறுநாள், "டாக்டர் சொன்னாரா?" அதற்கும் இல்லை. அந்த வாரக் கடைசியில் எங்கள் செக்‌ஷனில் மூத்தவர் ஒருவர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தி, சொசைட்டியில் லோன் போட வேண்டுமானால் ஃபார்ம் தன்னிடம் இருக்கிறது, தயங்க வேண்டாம் என்றார். நல்ல மனுஷர். சைக்கிளில் வருவதற்கு இந்த மூன்றைத் தவிர நாலாவது காரணம் ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

நாலாவது காரணம், காலை ஏழு மணிக்கு என் வழி இருக்கிற இருப்பு. எல்.பி. ரோட்டில் மெட்ரோ வேலைக்கு வைத்த தடுப்புகளுக்கு நடுவே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக முட்டி நிற்கும். அவற்றின் ஓரமாக நான் நைசாக நழுவிப் போவேன். (அந்த அற்பச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை.) திரு.வி.க. பாலத்தில் ஏறியதும் அடையாற்றின் முகத்துவாரத்துப் பக்கமிருந்து உப்புக் காற்று. பட்டினப்பாக்கம் தாண்டி லூப் ரோடு. நொச்சிக்குப்பத்தில் மீனவர்கள் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கலங்கரை விளக்கம் வந்துவிட்டால் காமராஜர் சாலை. வலது பக்கம் முழுக்கக் கடலும் வெயிலும், இடது பக்கம் ராணி மேரிக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி, செனட் ஹவுஸ் என்று வரிசையாக அந்தப் பழைய கட்டடங்கள். இருபது வருஷம் இதே வழியில் ஸ்கூட்டியில் போயிருக்கிறேன். முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தைத் தவிர எதுவும் நினைவில் இல்லை. உழைப்பாளர் சிலையில் நாலு பேர் சேர்ந்து அந்தப் பாறையை நெம்புகிறார்கள் என்பதையே இப்போதுதான் நின்று பார்த்தேன். நின்று பார்க்கலாம் பாருங்கள், பின்னால் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள்!

கடைசியில் நேப்பியர் பாலம். 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அதேதான். காரில் போகிறவர்களுக்கு அதில் ஒரு மேடு இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும். மேடு வருமுன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், ஏறத் தொடங்கிய பிறகு குறைத்தால் செயின் கடமுடவென்று திட்டும். உச்சிக்கு வந்து மிதிப்பதை நிறுத்தினால், அந்தப் பக்கம் இறக்கம் முழுக்க ஃப்ரீவீல் சத்தம் மட்டும்தான்.

என் அம்மாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "கேரியர் இருக்கா?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாங்கள் புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர்ப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துச் சொல்லிக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எங்கள் ஊரில் பொழுது சாய்ந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் பொம்பளைகள் கூட்டம் கூடும். ஒருத்தி ஏறுவாள், இரண்டு பேர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் சிரிப்பார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? அப்பாவின் ஆம்பிளைச் சைக்கிள்தான். அந்த நடுக்கம்பி இடைஞ்சல் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்களோ அதில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு, கேரியரில் தண்ணீர்க் குடத்தையும் கட்டிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை டவுனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டிப் பேரணி போனார்கள். வேடிக்கை பார்க்கத் தெருவெல்லாம் சனம்.

நான் குரங்குப் பெடலில் தொடங்கி, பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் ஓட்டியவள்தான். அப்புறம் விட்டுப்போனது. யாரும் தடுக்கவெல்லாம் இல்லை. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன், ஸ்கூட்டி வாங்கினோம், அவ்வளவுதான். கதையில் வில்லன் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவும்.

இன்னொன்று. 'சென்னை மீண்டும் சைக்கிளுக்குத் திரும்புகிறது' என்று யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்று வரும். எங்கே போயிருந்தது, திரும்புவதற்கு? காலை ஏழு மணிக்கு அடையாறு பக்கம் வந்து பாருங்கள். நைட் டியூட்டி முடித்து நீலச் சட்டையோடு வீடு திரும்பும் வாட்ச்மேன்கள், டீ கேனைக் கட்டியவர்கள், பேப்பர் போட்டு முடித்தவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள். என்னைவிட வயதில் மூத்தவர் ஒருவர் தினமும் என்னை முந்திக்கொண்டு போகிறார். எழுத்துத் தேய்ந்துபோன ஹெர்குலிஸ் வண்டி. 1949இல் தொடங்கிய நம் ஊர் டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து இறக்கிய காலத்துச் சரக்கு. கியரும் கிடையாது, ஹெல்மெட்டும் கிடையாது, ஒரே சீரான மிதி. நான் இருபத்தொரு கியரை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறேன். அவருக்கு இது ஆசைக்கு ஓட்டுவதல்ல, எனக்கு ஆசைதான், அந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் ஒருநாள் தாண்டிப்போகும்போது திரும்பி, "காத்து எதிர்ல இருக்கும்மா, பாத்துப் போ" என்றாரே, அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

காற்று! இத்தனை வருஷம் கடலோர ஊரில் இருந்துவிட்டு, காற்றுக்குத் திசை உண்டு என்பதையே சைக்கிளில் ஏறிய பிறகுதான் உடம்பு தெரிந்துகொண்டது. ஆனி, ஆடியில் காலையில் கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், கடற்கரைச் சாலையில் இடது பக்கமாக வந்து தள்ளும். மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து ஏறினால், மாலையில் தெற்கே வீடு திரும்பும் எனக்கு எதிர்க்காற்று. அன்றைக்கெல்லாம் இரண்டு கியர் இறக்கிக்கொண்டு, வேகத்தை மறந்துவிட்டு, குனிந்து மிதிக்க வேண்டியதுதான். ஐப்பசியில் வாடை திரும்பிவிடும். காலையில் முகத்தில் அறையும், சாயங்காலம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே பட்டினப்பாக்கம் வரைக்கும் கொண்டுவந்து விடும். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த மாதிரி ஒரு சாயங்காலத்துக்காக எத்தனை எதிர்க்காற்று வேண்டுமானாலும் தாங்கலாம்.

எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன்: வியர்வை. வியர்க்கும். சென்னையில் சும்மா நின்றாலே வியர்க்கும். பருத்தி டீஷர்ட்டில் போகிறேன். அலுவலக உடை கேரியர் பையில். முதுகில் பை மாட்டினால் சட்டை பிழிகிற அளவுக்கு நனையும், அதனால் கேரியர் அவசியம் (அம்மாவின் கேள்வியில் எவ்வளவு விஷயம் இருக்கிறது!). துப்பட்டா பைக்குள், ஒருநாளும் கழுத்தில் கூடாது, சக்கரத்தில் சுற்றும். போய்ச் சேர்ந்ததும் பாத்ரூமுக்கு ஓடக் கூடாது. ஃபேனுக்கு அடியில் ஒரு கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். உடம்பு ஆறுவதற்கு முன் முகம் கழுவினால் மறுபடியும் வியர்க்கும். ஆறிய பிறகு ஈரத் துண்டால் துடைத்து உடை மாற்றினால், ஸ்கூட்டியில் புகை குடித்து வந்த காலத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறேன்.

ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. என் வழி நெடுகச் சைக்கிளுக்கென்று தனிப்பாதை கிடையாது. ஓரத்தில் ஒட்டி ஒட்டிப் போவதுதான் பத்திரம் என்று தோன்றும், அது இல்லை. ஓரத்தில்தான் சாக்கடை மூடி, மணல், சட்டென்று திறக்கும் கார் கதவு எல்லாம். ஒரு கை தூரம் தள்ளியே போகிறேன். ஸ்டாப்பில் ஒதுங்கும் பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழைவதே இல்லை, நின்றுவிடுவேன். அவசரம் யாருக்கு?

உடம்பு இளைத்ததா? இல்லை! எப்படி இளைக்கும், அந்தப் பசியில்? பாரிமுனையில் எட்டு மணிக்குப் பொங்கலும் வடையும் எதிரில் வரும்போது எனக்கு வேறு உலகமே கிடையாது. ஆனால் தூக்கம் வந்துவிட்டது. இந்த வயதுப் பெண்களுக்குத் தெரியும், மாதவிடாய் நிற்கப்போகிற சமயத்தில் நடுராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கொதித்து எழுந்து உட்கார்கிற கொடுமை. கொதிப்பு இப்போதும் உண்டு, ஆனால் புரண்டு படுத்தால் மறுபடி தூங்கிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. எனக்கு அந்தக் கணக்கு செவ்வாய்க்கிழமை காலை டிபனுக்குள் தீர்ந்துவிடுகிறது. புதன்கிழமை ஓட்டுவதெல்லாம் வெறும் ஆசைக்கு.

மாலையில் திரும்பும்போது நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்குவதும் சேர்ந்துகொண்டது. முன்பு ஸ்கூட்டியை நிறுத்த இடம் தேடவே சோம்பலாக இருக்கும். இப்போது கடைக்கு முன்னாலேயே ஒரு காலை ஊன்றி நின்று விலை கேட்கிறேன். போன வாரம் சங்கரா. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், ரத்தச் சிவப்பு. அக்கா சொன்ன விலையைக் கேட்டுப் பெடலில் கால் வைத்தேன். அவர் என்னையும் சைக்கிளையும் ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீயே மிதிச்சிக்கினு வர்ற, உங்கிட்ட இன்னாத்த ஏத்திச் சொல்றது? அம்பது கம்மியா குடு" என்று ஆய்ந்து கட்டிக்கொடுத்தார். பெட்ரோல் மிச்சம் நாளைக்கு அறுபது ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள், இந்த ஐம்பதையும் வரவில் சேர்த்திருக்கிறேன்.