பெட்டியோடு போனவரும் கம்பெனியோடு போனவரும்

இத்தாலிய ஆப்பெராவில் டெனர் என்றால் நாயகன். ஆணின் உச்சக் குரல் அது. காதலும் சாவும் அந்தக் குரலில்தான் நடக்கும். என்ரிக்கோ கரூசோ 1902இல் மிலான் ஓட்டல் அறை ஒன்றில் கிராமபோன் குழலின் முன் நின்று பாடினார். மறு ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மேடை ஏறிவிட்டார். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர் நாராயண் ஸ்ரீபாத் ராஜஹம்ஸ். சிறுவனாக அவர் பாடியதைக் கேட்டு 'பால கந்தர்வன்' என்று பெயர் சூட்டியவர் திலகர். இசைத்தட்டுகள் இவருக்கும் உண்டு. இவர் பாட்டுக்கும் ஜனம் பைத்தியமாக அலைந்தது. ஆனாலும் இவருடைய மேடை வாழ்க்கை மராத்தி தெரிந்த ஊர்களோடு நின்றுவிட்டது. ஏன்?

குரல் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மராத்தி மேடையின் ஊரான புனேக்கென்று ஓர் ஆப்பெரா மரபும் இருந்தது என்றே நான் சொல்வேன். 1880 அக்டோபர் 31 அன்று அங்கே ஆனந்தோத்பவ் அரங்கில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 'சங்கீத சாகுந்தல'த்தை மேடையேற்றினார். அதற்கு முன், 1843இல் சாங்க்லியில் விஷ்ணுதாஸ் பாவே தொடங்கிய நாடகங்களில் பாட்டு பெரும்பாலும் கதையை நடத்திச் செல்லும் சூத்திரதாரியின் வேலை. கிர்லோஸ்கர் அதை மாற்றி, அழுகிற பாத்திரமே தன் அழுகையைப் பாடும்படி செய்தார். ஐரோப்பாவில் ஆப்பெரா பிறந்ததும் இந்த இடத்தில்தான்.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே சிறந்த ஆண்குரல் நாயகனைப் பாடியது; இங்கே நாயகியைப் பாடியது. 1905இல் கிர்லோஸ்கர் கம்பெனியில் சேர்ந்த பாலகந்தர்வர் சகுந்தலையாக வந்தார். பிறகு 'மானாபமானம்' நாடகத்தின் பாமினி, 'சுயம்வரம்' நாடகத்தின் ருக்மிணி. 1911இல் 'மானாபமானம்' அரங்கேறிய நாளன்றே அவருடைய பெண் குழந்தை இறந்துபோயிற்று. ஆட்டம் நிற்கவில்லை. அவரே 1913இல் தொடங்கிய கந்தர்வ நாடக மண்டலியில் மேடைக்கு முன்னால் ஆர்கனும் சாரங்கியும் தபலாவும் இருந்தன. சாரங்கி காதர் பக்ஷ். தபலா அகமத் ஜான் திரக்வா. அன்றைய எந்த ஐரோப்பிய அரங்கின் வாத்தியக் குழிக்கும் குறையாத கூட்டணி. 'ஒன்ஸ் மோர்' கேட்டால் கந்தர்வர் மறுக்கமாட்டார். அதே பதத்தை வேறு வேறு சங்கதிகளோடு திரும்பத் திரும்பப் பாடுவார். கதை அங்கேயே நிற்கும், விடிந்துகொண்டிருக்கும். பட்டு, நகை, அத்தர், கம்பளம் எல்லாம் அசல்தான் வேண்டும் என்பார். கடன் ஏறியதற்குக் கேட்பானேன்.

கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கரூசோ ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினால் போதும். போய் இறங்குகிற ஊரில் அதே 'ரிகோலெட்டோ' ஆப்பெரா காத்திருக்கும். அதே இத்தாலியச் சொற்கள், அதே சுரங்கள், நாயகியின் பகுதியை மனப்பாடம் செய்த இன்னொரு சோப்ரானோ. டெனர் சுமப்பது தன் வேடத்தை மட்டும்தான். கந்தர்வர் ஒரு கம்பெனியையே சுமந்தார். ருக்மிணி வேறோர் ஊருக்குப் போக வேண்டுமானால் கிருஷ்ணனும் சாரங்கியும் திரைச்சீலையும் சமையல்காரரும் கூடவே போக வேண்டும்.

நம் ஸ்பெஷல் நாடகத்தை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் பாடம். மதுரையிலிருந்து ஒரு முருகனையும் புதுக்கோட்டையிலிருந்து ஒரு வள்ளியையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, ஒத்திகை இல்லாமல் ஒரே மேடையில் நிறுத்திவிடலாம். செங்கோட்டை கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொழும்பில் சேர்ந்து பாட நேர்ந்ததும் இந்த ஏற்பாட்டின் தயவுதான். டெனருக்கு மிக அருகில் வரும் நம் ஆள், என்னைக் கேட்டால், கிட்டப்பாதான். ஆனால் 1933இல், இருபத்தேழு வயதிலேயே போய்விட்டார்.

புனேயின் மேடைக் குரல் மேடையைக் கழற்றி வைத்த பிறகே வெளியுலகம் பார்த்தது. கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசைப் பரம்பரையின் அப்துல் கரீம் கான் நாடகக்காரர் அல்ல; மேடை ஏறியவர்கள் அவர் வழி வந்தவர்கள். கர்நாடக சங்கீதத்தின் மேல் பிரியம் கொண்டவர். 1937இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருடைய சீடர் ராம்பாவ் குந்த்கோல்கர் நாடகத்தில் பெண் வேடமிட்டுப் பாடி 'சவாய் கந்தர்வர்' ஆனார். கரீம் கானின் மகள் ஹீராபாய் படோதேகர் பெண்களே பெண் வேடம் ஏற்கும் கம்பெனியை நடத்திக் கை சுட்டுக்கொண்டவர். 1953இல் இந்தியக் கலைக்குழுவோடு சீனா சென்றபோது அவர் கொண்டுபோனது நாடகப் பாட்டை அல்ல, கயால் என்னும் இந்துஸ்தானி ராக இசையைத்தான்.

அப்துல் கரீம் கானின் இசைத்தட்டைக் கேட்டுப் பதினோரு வயதில் வீட்டை விட்டு ஓடிய கதக் ஊர்ப் பையன் பீம்சேன் ஜோஷி, சவாய் கந்தர்வரிடம் குருகுலவாசம் இருந்தார். இரண்டு தம்புரா, ஒரு தபலா, ஒரு ஆர்மோனியம்: இவ்வளவுதான் அவருடைய கம்பெனி. விமானத்தில் ஏற்றிவிடலாம். ஐரோப்பா, அமெரிக்கா என்று ஓயாமல் பறந்தவரை மராத்தி எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டே, குருவின் 'சவாய்' பட்டத்தைத் திருப்பி, 'ஹவாயி (வானில் பறக்கும்) கந்தர்வர்' என்று கேலியும் பெருமையுமாக அழைத்தார். குருவின் நினைவாக 1953இல் புனேயில் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவுக்கு மட்டும் ஊர் திரும்பிவிடுவார்.

நாடகமேடைப் பாடகர் தீனாநாத் மங்கேஷ்கர் 1942இல் புனேயில் காலமானார். அவருடைய மகள் லதா 1974இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடியது சினிமாப் பாட்டு. மகள் காலம் வரை வந்த பிறகும் நாடகம் ஊரிலேயேதான் இருந்தது.

பாலகந்தர்வரின் பெயரில் 1968இல் புனேயில் திறக்கப்பட்ட அரங்கத்தில் மராத்தி நாடகம் நடக்கிறது. 2011இல் அவர் வாழ்க்கை படமானபோது அந்தக் குரலுக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. பாடியவர் ஆனந்த் பாட்டே. சிறு வயதிலேயே கந்தர்வர் பாட்டுக்குப் பெயர் வாங்கி, பிறகு பீம்சேன் ஜோஷியிடம் ராகம் பயின்றவர். தேசிய விருதும் அவருக்கே கிடைத்தது.