ஏகாதசி தெரியாத கிராஃப்

2023-இல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி இரண்டு முறை வந்தது: ஜனவரி 2, டிசம்பர் 23. 2024-இல் வரவே இல்லை. அடுத்தது 2025 ஜனவரி 10. அதற்கு முன் 2021-இல் இன்னும் விசேஷம். மற்றப் பெருமாள் கோயில்கள் பலவும் 2022 ஜனவரி 13 வரை காத்திருக்க, இங்கே கார்த்திகையிலேயே, டிசம்பர் 14 அன்று, பரமபத வாசல் திறந்தாயிற்று. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இதில் குழப்பமில்லை. டேட்டா போக்குவரத்தைக் கண்காணிக்கும் மென்பொருளுக்குத்தான் குழப்பம். அதற்குக் கிழமை தெரியும், திதி தெரியாது.

கண்காணிப்பு முறையின் அடிப்படை எளிது. ரவுட்டரின் ஒவ்வொரு லிங்கிலும் எத்தனை பைட் போனது, வந்தது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு ஒரு கோடு வரைவார்கள். 1995-இல் டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரல் இந்தப் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. கடந்த வாரங்களின் கோட்டிலிருந்து வழக்கம் எதுவென்று கணித்து, விலகினால் அலர்ட் அடிக்கும் ஏற்பாடு பிறகு வந்து சேர்ந்தது.

கைலாசபுரம் போன்ற ஊருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். திருச்சியில், திருவெறும்பூர்ப் பக்கம், பெல் கொதிகலன் ஆலைக்காக எழுந்த குடியிருப்பு அது. ஷிப்ட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாம் மணிக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை. இப்படிப்பட்ட இடத்தில் போன செவ்வாய்க்கிழமையின் கோடு வருகிற செவ்வாயை ஏறக்குறையச் சொல்லிவிடும். எந்த லிங்க் எப்போது நிரம்பும், கூடுதல் பேண்ட்வித்துக்கு எப்போது பணம் கேட்கவேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். டென்மார்க்கின் எர்லாங் 1917-இல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போட்ட கணக்கின் வாரிசு இது: உச்ச நேரத்தில் இத்தனை லைன் இருந்தால் எத்தனை அழைப்புக்கு இடம் கிடைக்காமல் போகும் என்ற கணக்கு. கொள்ளளவைத் திட்டமிட இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பேன்.

அதே திருச்சியில், காவிரிக்கு நடுவே ஸ்ரீரங்கத்தில், ஏகாதசியன்று இது தடுமாறும். விடியலுக்கு முன், எந்தக் கோடும் தரையோடு தரையாகக் கிடக்கவேண்டிய நேரத்தில், லட்சக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் திரள்கிறார்கள். எல்லோர் கையிலும் போன். வழக்கமாக டேட்டா இறங்கும். அன்றைக்கு வீடியோவாக ஏறும். திடீர்ப் பெருக்கம், ஆயிரமாயிரம் கருவிகள், ஒரே குறி: சர்வரை முடக்கும் தாக்குதலுக்குப் பாடப்புத்தகம் சொல்லும் அடையாளங்களும் இவைதான். 'போன வருஷம் இதே தேதி' என்று ஒப்பிட்டால் விடை தப்பு. டவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து நிறுத்தும் பொறியாளருக்குத் தெரிந்த சங்கதி, அலர்ட் அடிக்கும் நிரலுக்குத் தெரியாது. தேதியைக் கையால் தட்டி உள்ளிட்டால் தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம், யாராவது தட்டவேண்டும்.

தப்பாக அலறுவதைவிட அலறாமலிருப்பதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாம்மர் என்ற கணினிப் புழுவின் உடம்பு 376 பைட். தொடக்கத்தில் எட்டரை வினாடிக்கு ஒருமுறை இரட்டித்தது. சுமார் மூன்றே நிமிடத்தில் அதன் வேகம் உச்சத்தைத் தொட்டது. ஐந்து நிமிடச் சராசரி பார்ப்பவர் கண்ணில் பட்டபோது வேலை முடிந்திருந்தது. அதுவாவது கூச்சல் போட்டுக்கொண்டு வந்தது. கூடங்குளத்தில் நடந்தது வேறு ரகம். 2019 அக்டோபர் 29-இல் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது அணுமின் நிலையம். மறுநாள் இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்கான, இணையத் தொடர்புள்ள கணினி அது. உலையின் உள் வலைப்பின்னல் தனி என்று விளக்கியது. டிட்ராக் எனப்படும் அந்த வகை நிரல், தட்டிய எழுத்துகளையும் கோப்புப் பட்டியல்களையும் சேர்க்கும் உளவாளி. எழுத்துக்கு எடை கிடையாது. எந்த லிங்கும் அதனால் நிரம்பாது. கழகத்துக்குத் தகவல் சொன்னது வெளியிலிருந்து, இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன். அவர்கள் அதைக் கவனித்தது செப்டம்பர் 4-இல்.

ஆலை கேட்டில் லாரிகளை எண்ணுகிற காவலாளி, சட்டைப்பையில் வரைபடத்தோடு நடந்து போகிறவரை எப்படிப் பிடிப்பார்? கொள்ளளவுக்கு 'எவ்வளவு' போதும். வேவுக்கு 'யார், யாரிடம், எந்த நேரத்தில்' வேண்டும். கணக்குப் பிரிவுக் கணினி ஒன்று நள்ளிரவில் புதிய முகவரியோடு சில கிலோபைட் பேசினால், அதுதான் செய்தி. இரண்டு வேலையையும் ஒரே கோட்டிடம் ஒப்படைப்பது சிக்கனமல்ல, சோம்பல்.

யார் யாரிடம் எப்போது பேசினார் என்ற இணைப்புவாரிப் பதிவுகளைச் சேமிக்க இடம் வேண்டும், உண்மைதான். அந்தரங்கக் கேள்வியும் உண்டு: குடியிருப்பில் யார் எந்தத் தளம் பார்க்கிறார் என்பது நிர்வாகத்துக்கு எதற்கு? முகவரியையும் நேரத்தையும் மட்டும் வைத்து, உள்ளடக்கத்தை விட்டுவிடலாம். ஆபத்து குறையுமே தவிரத் தீராது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் இட்ட உத்தரவு, 180 நாள் பதிவுகளை வைத்திருக்கவும், சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் சொல்கிறது. தெரிந்த பிறகுதானே அந்த ஆறு மணி நேரம்? பதிவுகளை வைத்திருந்தால் மட்டும் தெரிந்துவிடாது. தினமும் புரட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். பேண்ட்வித் வாங்கப் பணம் கேட்டால் கிராஃபைக் காட்டலாம். அந்த ஆளின் சம்பளத்துக்குக் காட்ட எதுவும் இல்லை.