களரியும் கொடையும்

கலை வளர்வதற்குப் பொருள் வேண்டும். பண்டைப் பாணரும் பொருநரும் வள்ளல்களின் வாயிலை நாடிச் சென்றனர். பரிசில் பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்திய செய்தியே ஆற்றுப்படை நூல்களாயிற்று. பிற்காலத்தில் கோயிலும் அரண்மனையும் மடமும் கலைஞரைப் புரந்தன. மன்னரோ பெருவள்ளலோ இல்லாத சிற்றூர் ஒன்று, தன் கலையைத் தானே புரந்துகொள்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை தேடுவார் மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் உள்ள ஊர்களை நோக்குதல் தகும். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வரும் கூத்து அவ்விடையைத் தன் நடைமுறையிலேயே கொண்டுள்ளது.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத, இராமாயணப் போர்க்கதைகள் பெரும்பாலும் வடமோடியில் அமையும். காதலும் பிரிவும் கூடலும் பொருந்திய கதைகள் தென்மோடியில் மிகுதி. ஆட்டமுறையிலும் பாடல் இசைக்கும் முறையிலும் ஒப்பனையிலும் இரண்டும் வேறுபடும். வேளாண்மை வெட்டு முடிந்து ஊர் ஓய்ந்திருக்கும் காலத்தில் கூத்துப் பழகுதல் தொடங்கும். அண்ணாவியார் ஆடுவோரின் குரலையும் உடல்வாகையும் ஆராய்ந்து பாத்திரம் வகுப்பார். அவரவர்க்குரிய பாடற்பகுதி வழங்கப்படும். இதனைச் சட்டம் கொடுத்தல் என்பர். பின்னர்ச் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் முதலிய படிகளைக் கடந்து, பல மாதப் பயிற்சியின் முடிவில் அரங்கேற்றம் நிகழும்.

இப்படிகளைப் பயிற்சியின் கட்டங்கள் என்று மட்டும் கொள்ளுதல் போதாது. ஒவ்வொன்றும் ஊர் கூடும் நிகழ்ச்சியாகும். பழகும் இரவுகளில் முதியோரும் சிறுவரும் சூழ்ந்திருந்து கேட்பர். தாளம் பிசகினால் அறிவர். முன்னொரு காலத்தில் அப்பாத்திரத்தை ஆடியவரோடு இன்று ஆடுபவரை ஒப்பிட்டுப் பேசுவர். ஆகவே அரங்கேற்ற இரவில் களரியைச் சூழ்ந்திருப்போர் கதை அறியாது வந்தவரல்லர். பாடலும் ஆட்டமும் அவர்களுக்கு முன்பே பழக்கமானவை. அன்று அவர்கள் காண்பது தம் ஊரின் உழைப்பு நிறைவு எய்துவதை. எழுத்தறியாதவரும் கர்ணனின் கொடையையும் அபிமன்யுவின் முடிவையும் பாட்டாக நினைவில் வைத்திருந்தமைக்கு இவ்விரவுகளே காரணம்.

இலக்கியச் சுவைக்கெனக் கூடும் வட்டங்கள் பிற இடங்களிலும் இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலியில் தம் இல்லத்தில் நடத்திய வட்டத்தொட்டி அவற்றுள் புகழ் வாய்ந்தது. அங்குக் கம்பன் கவி வாய்விட்டுப் படிக்கப்பட்டது, நயம் உணர்த்தப்பட்டது, கேட்டார் பலர் கவிதையைச் செவியால் துய்க்கக் கற்றனர். ஆயின் அது கற்றோர் சிலர் கூடிய வட்டம். மட்டக்களப்பின் வட்டக்களரியும் சுவைஞர் கூட்டமே. அங்கு உழவனும் மீனவனும் சுவைஞன், அவனே மறுநாள் ஆடுபவன். சுவைப்போனும் படைப்போனும் ஒரே ஊரினர் ஆதலால், திறனாய்வு அங்கு ஏட்டில் ஏறாவிடினும் ஓயாது நிகழ்ந்தது.

இனிப் பொருள் பற்றி நோக்குவோம். கூத்துக்கு ஆகும் செலவை ஆடுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் ஊராரும் பகிர்ந்துகொள்வர். அரங்கேற்றம் முடிந்தபின் கூத்தர் வேடத்துடன் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதலும், வீட்டார் இயன்ற அன்பளிப்பை வழங்குதலும் மரபு. இதனை இரத்தல் என்று கருதுவது பிழை. களரியில் ஊர் முழுவதற்கும் பொதுவாக ஆடப்பட்ட கூத்து, ஒவ்வோர் இல்லத்து முற்றத்திலும் ஒருமுறை தனியே ஆடப்படுகின்றது. இரவெல்லாம் களரிக்கு வர இயலாத முதியவளும் அதனைக் காண்கின்றாள். கொடுக்கும் பொருள் கூத்தின் செலவை ஈடுசெய்யவும் அண்ணாவியாரைச் சிறப்பிக்கவும் பயன்படுகின்றது. கலையால் திரண்ட பொருள் கலைக்கே மீள்கின்றது.

நகரங்களில் நடைபெறும் நிதியுதவிக் கலைநிகழ்ச்சியின் அமைப்பு வேறு. 1944இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக எம். எஸ். சுப்புலட்சுமி இசைக் கச்சேரிகள் நிகழ்த்தியமை பலரும் அறிந்தது. அங்குப் பாடுவோர் தம் உழைப்பை ஈந்தார். கேட்போர் பொருளை ஈந்தனர். பயன் மூன்றாமவரைச் சென்றடைந்தது. இவ்வகை ஈகை போற்றுதற்குரியதே. ஆயின் அதற்கு ஓர் எல்லை உண்டு. புகழ் மிக்க கலைஞர் ஒருவரும் செல்வம் மிக்க அவையும் இருந்தாலன்றி அது நிகழாது. அடுத்த கலைஞரை உருவாக்கும் பொறுப்பும் அதற்கில்லை. விளைந்த கதிரை அறுத்து வழங்கும் அறம் அது. களரி மரபோ விதைநெல்லையும் எடுத்து வைக்கின்றது.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு நோக்கினால், 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஆற்றிய பணியின் பெருமையும் எல்லையும் ஒருங்கே விளங்கும். பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு அவர் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவற்றை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பல்கலைக்கழக மாணவர்க்கு ஆட்டம் பயிற்றினார். பாமரர் கலை என்று கற்றோர் புறக்கணித்த கூத்து, ஈழத்தமிழரின் தேசிய நாடக வடிவமாகப் பேசப்படும் நிலையை எய்திற்று. இராவணேசனில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர்ப் பேராசிரியராகி, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்னும் ஆய்வுநூலை 1998இல் வெளியிட்டார். இவை சிறிய பேறுகள் அல்ல.

எனினும் விடியும்வரை ஆடப்பட்ட கூத்து ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கியது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்த களரி ஒருபுறம் நோக்கிய படச்சட்ட மேடையாயிற்று. சுருக்கத்தால் ஆட்டத்திற் செறிவும் கதையோட்டத்தில் ஒருமையும் கூடின என்பது உண்மை. ஆயினும் எதிரே அமர்ந்தவர் பயிற்சி இரவுகளை அறியாதவர். வீட்டுக்கு வீடு ஆடும் முற்றமும் அங்கில்லை. கூத்தின் வடிவம் நகரை அடைந்தது. அதனைப் புரந்த முறை ஊரிலேயே நின்றுவிட்டது.

ஊர்மரபைக் குறையற்றதெனக் கூறுவதும் நேர்மையாகாது. களரி வட்டமாயினும் எல்லார்க்கும் ஒரே அளவில் இடம் தந்ததில்லை. பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். பெண் களரியின் புறத்தே நின்றாள். ஊரின் சாதியடுக்கு யார் எதனை ஆடலாம் என்பதிலும் நிழலாடியது. பழங்கதைகள் சில, பெண்ணையும் தாழ்த்தப்பட்டோரையும் இன்று ஏற்கவியலாத வகையிற் சித்திரித்தன. ஊர்க்கொடையால் வாழும் கலை ஊரின் குறைகளையும் சுமக்கும் என்பதற்கு இது சான்று.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கர் ஊரவரோடு இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் இவ்விடத்திற் கருதத்தக்கது. கூத்தை ஊரிலிருந்து பெயர்த்தெடுக்காமல், களரியிலேயே வைத்து, கதையின் பெண்நிலையையும் சாதிநிலையையும் ஆடுவோரும் அண்ணாவிமாரும் ஊராரும் கூடிப் பேசி மாற்றியமைக்க அது முயன்றது. மேடைக்கு வந்த கூத்திற் காணப்படும் செறிவு இதில் எதிர்பார்த்தற்குரியதன்று. உரையாடல் நீளும், ஒருமை தளரும். ஆயினும் மாற்றத்தைச் செய்பவர் அம்மாற்றத்தோடு வாழப்போகின்றவரே என்பதால், அதன் வேர் ஆழமுடையது. கலையழகை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பேராதனை மேடை முந்தும். கலை நிலைத்திருத்தலை அளவுகோலாகக் கொண்டால் சீலாமுனைக் களரி முந்தும். இரண்டும் வேண்டப்படுவனவாயினும், பின்னது இன்றேல் முன்னதற்கு ஆட்டம் பயிற்ற அண்ணாவியார் கிட்டார்.

இன்று கல்விக்கூடங்களும் சங்கங்களும் கட்டட நிதிக்காகவும் நிவாரண நிதிக்காகவும் கலைவிழா எடுக்கின்றன. அவ்விழாக்களிற் கூத்து பத்து நிமிடக் காட்சியாக இடம்பெறுதல் வழக்கமாகிவிட்டது. முடி பளபளக்கின்றது, மத்தளம் முழங்குகின்றது, அவையோர் கைதட்டுகின்றனர், நிதி திரளுகின்றது. அந்நிதியில் ஒரு பங்கு அடுத்த ஆண்டுக் களரிக்குச் செல்கின்றதா, அண்ணாவியார் ஒருவர் அதனால் ஓர் ஊரில் புதிதாகச் சட்டம் கொடுக்க முடிகின்றதா என்பதே கேட்கத்தக்க வினா. ஆம் எனின், அவ்விழா வாவிக்கரை மரபின் வழிவந்தது. இல்லையெனின், கூத்திடம் பெற்றுக்கொண்டு கூத்துக்குக் கடன்பட்டு நிற்கும் விழா அது. அக்கடனைத் தீர்க்கும் எளிய வழி, விழாக் கணக்கேட்டின் செலவுப் பகுதியில் களரிக்கென ஒரு வரியை எழுதத் தொடங்குவதே.