பல இயங்குதளங்களுக்கு ஒரே நிரல்: ஒரு திறனாய்வு

விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் ஒரே நிரலை ஓடவைப்பதாகப் பல நிரல் நூலகங்கள் உறுதி கூறுகின்றன. கணக்கீடு, எழுத்துக் கையாளல் போன்றவற்றில் இவ்வுறுதி பெரிதும் நிறைவேறுகிறது. பிற நிரல்களைத் தொடங்குதல், நிறுத்துதல், பிணைய இணைப்புகளைக் கையாளுதல் ஆகியவற்றிலோ தளங்களின் வேறுபாடு மறைக்கப்படுகிறதே தவிர, நீங்குவதில்லை.

தொடங்குதல்: யுனிக்ஸ் வழிவந்த தளங்களில், நிரலுடன் அனுப்பும் அளபுருக்கள் தனித்தனிச் சரங்களாகச் செல்லும். விண்டோஸில் அவை ஒரே நீண்ட வரியாகச் செல்லும். அதைப் பிரித்துப் படிப்பது தொடங்கப்படும் நிரலின் பொறுப்பு. பேட்ச் கோப்புகளை இயக்கும் சிஎம்டி, அவ்வரியைப் பிற நிரல்களைப் போலப் பிரிப்பதில்லை. 2024 ஏப்ரலில் ரஸ்ட் மொழியின் நிலையான நூலகத்தில் அறிவிக்கப்பட்ட பாதுகாப்புக் குறை இதிலிருந்தே பிறந்தது. அளபுருவுக்குள் ஒளித்த கட்டளையை இயக்கிவிட முடிந்தது. 1.77.2 பதிப்பு இதைத் திருத்தியது. பாதுகாப்பாக அனுப்ப முடியாத அளபுரு வந்தால் அது பிழையைத் திருப்புகிறது.

நிறுத்துதல்: லினக்ஸில் சிக்டெர்ம் சிக்னலைப் பெறும் நிரல், கையிலுள்ள வேலையை முடித்துக் கோப்புகளை மூடிவிட்டு வெளியேறலாம். நோட் ஜேஎஸ்ஸில் அதே பெயரில் விடுக்கும் கட்டளை, விண்டோஸில் நிரலை அக்கணமே முறித்துவிடும். பாதி எழுதிய தரவு பாதியிலேயே நின்றுவிடலாம்.

பிணையம்: லினக்ஸின் ஈபோல், மேக்கின் கேகியூ ஆகியவை "இணைப்பு படிக்கத் தயார்" என அறிவிக்கும். விண்டோஸின் ஐஓசிபி "கேட்ட வேலை முடிந்தது" என அறிவிக்கும். நோட் ஜேஎஸ்ஸுக்காக எழுந்த லிப்யுவி, முடிந்தபின் தெரிவிக்கும் முறையையே எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக்கியது. பைத்தானின் அசிங்க்ஐஓவில் 3.8 பதிப்பு முதல் விண்டோஸுக்கு ஐஓசிபி வழியே இயல்பானது. ஆனால் தயார்நிலையைக் கவனிக்கும் சில அழைப்புகள் அவ்வழியில் இயங்குவதில்லை.

இவற்றுள் ரஸ்ட் மேற்கொண்ட திருத்தமே சிறந்த முன்மாதிரி. இயலாததை இயலாது என்று சொல்லும் நூலகத்தை நம்பி நிரல் எழுதலாம். ஒரே பெயருக்குத் தளந்தோறும் வேறு பொருள் தரும் நூலகம், பிழையைப் பயனரின் கணினி வரை கொண்டுசேர்க்கிறது. ஆகவே இத்தகைய நிரலை ஒரு தளத்தில் மட்டும் சோதித்துவிட்டு மற்றவற்றிலும் ஓடும் எனக் கொள்வது தவறாகும். குறிப்பாக, நிறுத்தும் வழியைத் தளந்தோறும் சோதிக்க வேண்டும்.