தாள் வராத சுற்று

ஓப்செட் அச்சு பிறந்ததே ஒரு தாள் தவறியதால்தான். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் லித்தோ அச்சகம் நடத்திய ஐரா ரூபெல், 1904ஆம் ஆண்டளவில் ஒன்றைக் கவனித்தார். தாள் வராத சுற்றில் மை, அழுத்தும் உருளையின் ரப்பர் உறையில் விழுந்தது. அடுத்த தாளின் பின்புறத்தில் அந்த ரப்பர் பதித்த படம், முன்புறத்தில் நேராக விழுந்த படத்தைவிடத் தெளிவாக இருந்தது. கரடான தாளின் பள்ளங்களுக்குள்ளும் ரப்பர் இறங்கும் அல்லவா!

எங்கள் புத்தளம் கரையோரத்துக் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டியின் நூல்களில் கசற்றியர் 1834இல் கோட்டேயிலும், தமிழ் புளூராக் 1859இல் யாழ்ப்பாணத்திலும் அச்சேறின. ஈய எழுத்தின் காலம் அது. இன்று உடப்பு திரௌபதை அம்மன் தீமிதி நோட்டீஸையும் தலவில பெருநாள் சுவரொட்டியையும் நிக்காஹ் அழைப்பிதழையும் சிலாபத்திலோ புத்தளத்திலோ அடித்துக்கொள்ளலாம். எழுத்தைப் படமாகத் தாங்கும் ஓப்செட் பிளேட், தமிழா சிங்களமா என்று கேட்பதில்லை. பிளேட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு என எழுத்து இருமுறை புரள்வதால், பிளேட்டிலேயே அதை நேராக வாசிக்கலாம்.

சின்ன அச்சகங்களுக்கென்றே செய்ததுபோல் எனக்குத் தோன்றும் மெஷின் ஹைடெல்பேர்க் ஜி.ரி.ஓ. 1972இல் வெளிவந்தபோது அதன் தாள் அளவு 32க்கு 46 சென்ரிமீற்றர். வேகம் மணிக்கு 8,000 தாள் வரை. அதாவது ஒரு தாளுக்கு அரை விநாடிகூடக் கிடையாது. அந்த அரை விநாடிக்குள்ளும் ஒவ்வொரு தாளும் முன்தடுப்பில் முட்டி, பக்கவாட்டில் நேராகி, ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். நின்றால்தான் நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழும். உருளையோ நிற்பதில்லை. நிற்கும் தாளை ஓடும் உருளையிடம் கிழியாமல் சேர்ப்பது ஆடும் கிரிப்பரின் வேலை. ஓடும் பஸ்ஸில் தொற்றுகிறவன் அதனோடு நாலடி ஓடிவிட்டு ஏறுவதுபோல, அது தாளைக் கவ்வி, உருளையின் வேகத்தை எட்டி, அதே வேகத்தில் கைமாற்றுகிறது. இதையெல்லாம் நடத்துவது கேம் என்ற சுழலும் தட்டு. அதன் விளிம்பு வளைவில் சிறு பிசகு இருந்தாலும் தாள் உதறும். நல்ல மெஷினில் சத்தம் ஒரே சீராக வரும். பழகிய மெஷின்காரர் காதாலேயே கோளாறைப் பிடித்துவிடுவார்.

ஆனாலும் என் ரசனைக்கு உச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ரூபெலுக்குத் தவறிய தாள் இன்றும் தவறும். அப்போது ரப்பரின் மை அழுத்தும் உருளையில் படிந்து, அடுத்த தாளின் முதுகைக் கெடுக்கும். ஆகவே ரப்பர் உருளையின் அச்சை மையம் விலகிய புஷ்ஷில் பொருத்தியிருக்கிறார்கள். தாள் வரவில்லை என்று தெரிந்ததும் புஷ் சற்றே திரும்பும். உருளைகள் மயிரிழை விலகும். அச்சடிக்கும் அழுத்தமே ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான் என்பதால் அந்த விலகல் போதும். அதிலும் கிரிப்பரும் பிளேட் கவ்வியும் ஒளிந்திருக்கும் பள்ளங்கள் எதிரெதிரே வரும் வேளை பார்த்தே விலகும், சேரும். அதனால் எந்தத் தாளும் பாதி அச்சோடு வெளியே வராது. ஒரு பிழையைக் கண்டுபிடிப்பாக்கியவரைப் புகழ்கிறோம். அதே பிழை மீண்டும் நேராதபடி இந்தப் புஷ்ஷை வைத்தவர்களுக்கு அந்தப் புகழை ஒரு பங்கு கூடுதலாகவே கொடுப்பேன்.

 இந்தக் கரையோரத்தில் பேச வேண்டிய இன்னொன்று தாள். ஒற்றை நிற மெஷினில் நான்கு நிறம் அடிக்கத் தாள் நான்கு முறை போக வேண்டும். இடையில் மை காய வேண்டும். உப்பு விளையும் வெயிலில் தாள் சுருங்கும், மாரி ஈரத்தில் விரியும். விரிவது பெரும்பாலும் நாருக்குக் குறுக்கே. அதனால் நார் உருளையின் அச்சுக்கு இணையாக இருக்கும்படி தாளை வெட்டுவார்கள். விரிவு உருளையைச் சுற்றிய திசைக்கு வந்துவிடும். பிளேட்டுக்கும் ரப்பருக்கும் அடியிலுள்ள மெல்லிய தாள்களைக் கூட்டிக் குறைத்து அதைச் சமாளிக்கலாம். குறுக்குவாட்டில் விரிந்தால் அந்தச் சலுகை கிடையாது.

ஜி.ரி.ஓ.வில் இன்னொரு வசதி, அச்சோடு சேர்த்தே இலக்கமிட்டுத் துளைக்கோடும் போடலாம். வாடிக்காரரின் பில் புத்தகத்துக்கான அச்சுவேலை ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடும்.